காரைக்காலம்மையும் ஆண்மேலாண்மையும்

ஆண்டுதோறும் ஆனித் திங்கள் முழுநிலா நாளையொட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடைபெறுகின்றது. விழிதியூர் முதலாய சுற்றூர்களினின்றெல்லாம் மக்கள் திரள்கின்றனர். முதலில் புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் திருமணம். பின்னர் இறைவன் உலா. வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகள் இறைக்கப்படுகின்றன. அக்கனியை உண்டால் மகப்பேறு வாய்க்கும் என நம்பி மகளிர் முந்தானை ஏந்தி நிற்கின்றனர்.

இக்காட்சியைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். எந்த இல்லறத்தை அம்மையார் உதறினாரோ, அதன் மணக்கோலமே அவர்க்கு ஆண்டுதோறும் சூட்டப்படுகின்றது. மகவின்றி வாழ்ந்தவரிடமே மகவு வேண்டப்படுகின்றது. பெண் எத்துணை உயர்ந்தாலும் அவளை மனைவி, தாய் என்னும் இரு கூடுகளுக்குள் அடைத்தே காணும் ஆண்மேலாண்மைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய வரலாற்றை நோக்குக. மாங்கனி வழியே மனைவியின் ஆற்றலைக் கண்ட பரமதத்தன் அஞ்சினான். வாணிகம் எனச் சொல்லிக் கலமேறியவன் பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்தான். அம்மையாரோ கணவன் வரவை எதிர்நோக்கி இல்லத்திற் காத்திருந்தார். உறவினர் அவரை அவனிடம் அழைத்துச் சென்றபோது, அவன் அவர் அடியில் வீழ்ந்து, தெய்வம் என்றான். கைவிட்டமைக்குத் தொழுகையே திரையாயிற்று! அதன் பின்னரே, அவனுக்கெனச் சுமந்த அழகுடம்பைக் களைந்து பேய்வடிவு வேண்டினார் அம்மையார்.

சேக்கிழார்க்குப் பல நூற்றாண்டு முற்பட்டவை அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியும், திருவிரட்டை மணிமாலையும், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களும். அவற்றுள் கணவன் இல்லை; மாங்கனியும் இல்லை. பேசப் பழகிய பருவந்தொட்டு இறைவன்பால் வைத்த அன்பே உண்டு. தம்மைக் காரைக்காற்பேய் என்றே அவர் குறிக்கின்றார். பெண்ணின் மதிப்பை அழகில் வைத்த உலகின்முன், தம் பெயரைத் தாமே இட்டுக்கொண்ட துணிவு அது.

63 நாயன்மாருள் பெண்டிர் மூவரே. மங்கையர்க்கரசியார் பாண்டியன் மனைவியாகவும், இசைஞானியார் சுந்தரரின் தாயாகவும் அறியப்படுகின்றனர். தம் பாட்டால் நிற்பவர் அம்மையார் ஒருவரே.

ஆதலின், மாங்கனி பொறுக்கும் கைகள் அம்மையாரின் நூலையும் ஏந்துக! விழிதியூர்ப் பெண்மகவும் அவர் பாடல்களைக் கற்க. பெண்ணை அடிமையென அடக்கவும் வேண்டா. தெய்வமெனத் தொழுது ஒதுக்கவும் வேண்டா. தன் பெயரைத் தானே சொல்லும் உரிமையுடைய மாந்தர் என மதித்தலே தமிழர்க்கு அறம்.