மாத்திரையே தலைவலியாக மாறுமா?

கேள்வி: எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லிகை. என் வயது 43. கல்யாணமான புதிதிலிருந்தே எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அப்போது மாதம் இரண்டு முறை வரும். ஒரு மாத்திரை போட்டுப் படுத்தால் போய்விடும். இப்போது இரண்டு வருடமாக அநேகமாக தினமும் வலிக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குப் பூப்பறிக்க எழும்போதே தலை கனக்கிறது. டீயோடு ஒரு மாத்திரை போட்டால்தான் தோட்டத்துக்குப் போக முடிகிறது. மதியம் இன்னொன்று. வாரம் ஒருமுறை மொட்டுப்புழுவுக்கு மருந்து அடிக்கிறோம். அந்த நெடிதான் காரணம் என்கிறார் வீட்டுக்காரர். ஒற்றைத் தலைவலி முற்றிவிட்டது, இனி போகாது என்கிறார் அக்கா. மருந்துக் கடையில் மாத்திரையை மாற்றி மாற்றித் தருகிறார்கள். எது உண்மை? மல்லிகையை எடுத்துவிட்டு வேறு பயிருக்குப் போய்விடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நிலக்கோட்டை வட்டம்.

பதில்: சகோதரி, மல்லிகையை எடுக்கும் முடிவைத் தள்ளி வையுங்கள். பூச்சிமருந்து, முற்றிய ஒற்றைத் தலைவலி என்று இரண்டு காரணங்களை எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது ஒன்றும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அது தினமும் போடும் அந்த மாத்திரை. பூச்சிமருந்து பற்றிய பகுதிக்கு நான் பதில் சொல்லலாம். மற்றதை மருத்துவர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆனால் அவரிடம் வெறும் கையோடு போகாமல், என்ன கணக்கோடு போக வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

பூச்சிமருந்தால் வரும் வலி

இந்த வலிக்கும் தெளிப்பு நாளுக்கும் தொடர்பு இருக்கும். மருந்து அடித்த சில மணி நேரத்தில் தொடங்கும். கூடவே வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், கண்ணில் நீர், பார்வை மங்கல், குமட்டல், தசைத் துடிப்பு ஆகியவையும் வரலாம். அப்படி வந்தால் மாத்திரை போட்டுப் படுக்கக் கூடாது. உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்து, மருந்து டப்பாவை அதன் லேபிளோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழையுங்கள். எந்த மாற்று மருந்து கொடுக்க வேண்டும் என்பது லேபிளில் அச்சிடப்பட்டிருக்கும்.

உங்களுக்கு வாரம் ஒருநாள்தான் தெளிப்பு. வலியோ ஏழு நாளும் இருக்கிறது. தெளிப்பு நாளிலும் மறுநாளிலும் அதிகமாகி, பிறகு குறைகிறதா என்று குறித்துப் பாருங்கள். எல்லா நாளும் ஒரே மாதிரி என்றால் பூச்சிமருந்து முதல் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அதற்காக முகக்கவசம், கையுறை இல்லாமல் அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. அடித்த மறுநாளே செடிக்குள் புகுந்து பறிப்பதையும் தவிருங்கள்.

ஒற்றைத் தலைவலி எப்போது நாள்பட்டதாகிறது?

சாதாரண ஒற்றைத் தலைவலி மாத்திரை போடாவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கமாக, விண் விண் என்று தெறிக்கும். குனிந்தாலும் நடந்தாலும் கூடும். குமட்டல் வரும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. பட்டினி, தூக்கக் குறைவு, வெயில், மாதவிலக்கு, பலமான வாசனை இவையெல்லாம் அதைத் தூண்டும். மல்லிகைக்காரர்களுக்கு மூன்று மணிக்கு எழுவதும் வாசனையும் சேர்ந்தே அமைந்துவிடுகின்றன.

சர்வதேச தலைவலி சங்கம் 2018-ல் வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் நரம்பியல் மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். அதன்படி, மூன்று மாதத்துக்கு மேலாக, மாதம் 15 நாளோ அதற்கு அதிகமாகவோ தலை வலித்து, அதில் குறைந்தது 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணங்கள் இருந்தால் அது நாள்பட்ட ஒற்றைத் தலைவலி.

மாத்திரையால் வரும் தலைவலி

இதிலும் மாதம் 15 நாளுக்கு மேல் வலிக்கும். ஏற்கெனவே தலைவலி நோய் உள்ளவர்களுக்கே இது வரும். வலியைக் குறைக்கப் போட்ட மாத்திரையே, அடிக்கடி போடுவதால், மூளையின் வலி உணரும் பாதையை இன்னும் கூர்மையாக்கிவிடுகிறது. மாத்திரையின் வேகம் இறங்கியதும் வலி திரும்புகிறது. திரும்பியதும் அடுத்த மாத்திரை.

நெல்லில் புகையானுக்குச் செயற்கை பைரித்ராய்டு மருந்தை அடித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். முதலில் பூச்சி குறைந்தது போலத் தெரியும். சிலந்தி போன்ற நன்மை செய்பவை செத்துப்போவதால், பிறகு முன்பைவிட அதிகமாகப் புகையான் வரும். மருந்து போதவில்லை என்று இன்னொரு டேங்க் அடிப்போம். அதனால்தான் வயலில் பூச்சியை எண்ணிப் பார்த்து, பொருளாதார சேத நிலையைத் தாண்டினால் மட்டும் அடியுங்கள் என்கிறோம். தலைவலி மாத்திரைக்கும் அதுபோன்ற எல்லைகள் உண்டு:

• பாராசிட்டமால், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற ஒற்றை மருந்து மாத்திரைகள்: மாதம் 15 நாள்.

• இரண்டு மூன்று வலி மருந்துகள் சேர்ந்தவை, வலி மருந்தோடு காஃபின் சேர்ந்தவை, எர்கோட்டமின் உள்ளவை, டிரிப்டான் வகை, டிரமடால் போன்றவை: மாதம் 10 நாள்.

மூன்று மாதத்துக்கு மேல் இந்த அளவை எட்டினாலோ தாண்டினாலோ சந்தேகப்பட வேண்டும். இங்கே எண்ண வேண்டியது மாத்திரைகளை அல்ல, நாட்களை. ஒரே நாளில் மூன்று போட்டாலும் ஒரு நாள்தான். தினமும் பாதி போட்டால் அது 30 நாள். மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் போட்டவற்றையும் சேர்த்தே எண்ணுங்கள். அட்டையின் பின்புறம் என்னென்ன மருந்து சேர்ந்திருக்கிறது என்று படியுங்கள். கத்தரித்துக் கொடுத்தால் முழு அட்டையைக் கேளுங்கள். பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கலாம்.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி?

எழும்போதே வலி, தலை முழுவதும் மந்தமான பாரம், மாத்திரை முன்பு போல் கேட்காதது, இவை மாத்திரைத் தலைவலியின் பக்கம் கை காட்டும். உங்கள் கடிதத்தில் இவற்றில் சில இருக்கின்றன. ஆனால் வலியின் குணத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்தும் இருக்கலாம். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, ஏறக்குறைய இரண்டு மாதம் பார்த்தால்தான் தெளிவாகும். வலி பழையபடி மாதம் இரண்டு முறை என்ற நிலைக்கு இறங்கினால் மாத்திரைதான் காரணம். அப்போதும் 15 நாளுக்குக் குறையாவிட்டால் அது நாள்பட்ட ஒற்றைத் தலைவலி. அதற்குத் தனி வைத்தியம் உண்டு. எனவே போகவே போகாது என்று அக்கா சொல்வதை நம்பி மனம் தளர வேண்டாம்.

என்ன செய்யலாம்?

1. இன்றிலிருந்து ஒரு காலண்டரில் குறியுங்கள். வலித்த நாளுக்கு ஒரு கோடு, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு வட்டம், மருந்து அடித்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. மாதவிலக்கு நாளையும் குறியுங்கள். பூக்கணக்கு எழுதும் நோட்டிலேயே எழுதலாம்.

2. காலண்டரையும், நீங்கள் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போங்கள். மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

3. நிறுத்துவதை மருத்துவர் சொல்படியே செய்யுங்கள். சிலவற்றை ஒரேயடியாக நிறுத்தலாம். டிரமடால் போன்றவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நிறுத்திய 2 முதல் 10 நாள் வரை வலி கூடும். குமட்டல், தூக்கமின்மை, எரிச்சல் வரும். இந்த நாட்களில்தான் பலர் பழையபடி கடைக்குப் போகிறார்கள். நவம்பர் கடைசியில் மல்லிகையைக் கவாத்து செய்தபின் பறிப்பு இருக்காது, மூன்று மணிக்கு எழ வேண்டியதில்லை. அந்த நாட்களில் நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

4. வலி வராமல் தடுக்கும் மாத்திரைகள் உண்டு. புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை மருத்துவர் தரலாம். இவை வலிநிவாரணி அல்ல. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொன்னபடி தினமும் போட வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம், பாதியில் விடாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

5. வெறும் வயிற்றில் தோட்டத்துக்குப் போகாதீர்கள். தண்ணீர் குடியுங்கள். நீர்ச்சத்து குறைந்த உடம்பில் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றுப்புண்ணையும் உண்டாக்கும். உங்களுக்குத் தலைவலியைவிடப் பெரிய ஆபத்து இதுதான்.

திடீரென்று இதுவரை இல்லாத கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை இழப்பு, தலையில் அடிபட்ட பின் வலி, கர்ப்ப காலத்தில் கடும் வலி ஆகியவற்றுக்குக் காலண்டர் பார்க்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தலைவலி தொடங்கினாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: தக்காளிக்கு மருந்து அடிக்க வரும் ஆட்கள் தலைவலி வராமலிருக்க முன்கூட்டியே ஒரு மாத்திரை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகர், பாலக்கோடு.

பதில்: கொடுக்காதீர்கள். அந்த மாத்திரை விஷம் உள்ளே போவதைத் தடுக்காது. விஷம் ஏறுகிறது என்று உடம்பு தரும் முதல் எச்சரிக்கையை மறைத்துவிடும். அடுத்தடுத்த தோட்டங்களில் தினமும் மருந்து அடிப்பவர் தினமும் மாத்திரை போடுவார். ஒற்றைத் தலைவலி உள்ளவராக இருந்தால் மேலே சொன்ன சுழலில் அவரும் மாட்டிக்கொள்வார். மாத்திரைக்குப் பதில் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை, குளிக்க சோப்பும் தண்ணீரும் கொடுங்கள். காலையில் சாப்பிட வைத்து, காற்றுக்கு எதிராக அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கு நடுவே தலை வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், அன்றைக்கு அவரை டேங்கை இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.