பனி இல்லாத மலை

வலியசாலை வீடுகளின் குழாய்நீர் அகத்தியர் மலைத்தொடரில் பிறக்கும் கரமனை ஆற்றினது. பேப்பாறை, அருவிக்கரை அணைகளில் தேங்கியே அது நகரை அடைகிறது. இமயத்தில் குளிர்காலத்தில் உறைந்த பனி கோடையில் உருகிக் கங்கைக்கு நீரூட்டும். 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையிலோ அத்தகைய பனி இல்லை. அங்கு மழைநீரைத் தேக்கிவைத்துச் சிறிது சிறிதாக விடுபவை சோலைக்காடும் புல்வெளியுமே. காடு அழிந்தால், மழை குறையாவிடினும், வெள்ளம் விரைந்து கடலில் கலக்கும். பங்குனியில் ஆறு மெலியும். அணை ஈடுசெய்யும் என்பது பாதி உண்மையே. அருவிக்கரை நீர்த்தேக்கத்தில் மண் படிந்து கொள்ளளவு குறைந்துள்ளதே! ஆதலின் அணையினும் காடே முதலில் காக்கப்பட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து வந்து வலியசாலையில் குடியேறியோரின் முன்னோர் பருகிய தாமிரபரணியும் அம்மலைத்தொடரின் கிழக்குச் சரிவில்தான் பிறக்கிறது.