படத்தில் வாசிக்கத் தெரியும், கையால் அளக்கத் தெரியுமா?

உயர்தர பௌதிகவியல் படிக்கும் பிள்ளையிடம் வேணியர் இடுக்கிமானியின் படத்தைக் கொடுங்கள். வாசிப்பை மளமளவென்று சொல்லிவிடும். இழிவெண்ணிக்கை, பூச்சிய வழு எல்லாம் பாடம். அதே பிள்ளையிடம் கருவியையும், பழைய ரேடியோவில் கழற்றிய ஒரு கொள்ளளவியையும் கொடுத்து "விட்டம் எவ்வளவு?" என்று கேட்டால் கை தடுமாறுகிறது. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. பரீட்சைத் தாளில் வருவது படம். நாம் பழக்குவதும் படத்தைத்தான்.

இது புள்ளியோடு முடிகிற விஷயம் இல்லை. ஓ.எல்., ஏ.எல். முடித்த நமது இளைஞர்களில் பலர் போன் திருத்தும் கடைகளிலும் இலத்திரனியல் வேலைகளிலும்தான் இறங்குகிறார்கள். அங்கே அரை மில்லிமீற்றர் பிழைத்தால் காசு போகிறது.

ரவுட்டர் அடப்டரின் முனையைப் பாருங்கள். வெளி விட்டம் 5.5 மி.மீ. என்று ஒன்றுபோல இருக்கும். உள் விட்டம் 2.1 உம் உண்டு, 2.5 உம் உண்டு. 2.1 ஊசி உள்ள ரவுட்டருக்கு 2.5 முனையைச் செருகினால் உள்ளே போகும். ஆனால் தொடுகை தளர்ந்து ரவுட்டர் விட்டுவிட்டு அணையும். ரவுட்டர்தான் பழுது என்று புதிதாக வாங்கிவிடுவோம். அவ்வளவு சிறிய துளைக்குள் இடுக்கிமானியின் தாடை ஒழுங்காக இறங்காது. அடப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு 2.4 மி.மீ. துரப்பண ஊசியை மெதுவாக வைத்துப் பாருங்கள். இறங்கினால் 2.5, இறங்காவிட்டால் 2.1. அளக்கிறது என்றால் எண்ணை வாசிக்கிறது மட்டும் இல்லை என்று பிள்ளைக்கு அப்போது விளங்கும்.

இன்னொன்று. ஊசி வரிசைகளில் இரண்டு ஊசிகளுக்கு இடையிலான தூரம் 2.54 மி.மீ. ஆகவும் இருக்கும், 2.50 ஆகவும் இருக்கும். பாடசாலை இடுக்கிமானியின் இழிவெண்ணிக்கை 0.1 மி.மீ. ஒரு இடைவெளியை அளந்து இந்த 0.04 ஐப் பிடிக்க முடியாது. 20 ஊசி உள்ள வரிசையில் முதல் ஊசியின் இடது ஓரத்திலிருந்து கடைசி ஊசியின் இடது ஓரம் வரை அளந்து 19 ஆல் பிரியுங்கள். ஒன்றுக்கு 48.26, மற்றதற்கு 47.50 வரும். அதே பழைய கருவி இப்போது தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. இருபதால் பிரிக்கிற பிள்ளை, ஊசியை எண்ணியதே தவிர இடைவெளியை எண்ணவில்லை.

திரையில் எண் காட்டும் இடுக்கிமானி வாங்கினால் போதும் என்பாரும் உண்டு. அது 0.01 வரை காட்டும். காட்டுவதெல்லாம் சரி என்று அர்த்தம் இல்லை. தாடையில் தூசி இருந்தாலும், கொஞ்சம் அதிகமாக இறுக்கினாலும் எண் மாறும். தாடையைத் துடைத்து, மூடிப் பூச்சியம் பார்த்து, மூன்று தரம் அளக்கும் பழக்கத்தைக் கடையில் விற்பதில்லை. பொத்தான் பற்றரியின் தடிப்பை உலோகத் தாடையால் பிடித்தால் நேர், மறை இரண்டும் குறுஞ்சுற்றாகும் என்பதும் படத்தில் தெரியாது. ஒரு பக்கம் கடதாசித் துண்டு வைத்து அளந்து, கடதாசியின் தடிப்பைக் கழிக்க வேண்டும்.

தாடையால் பிடிக்கவே முடியாத சிறிய தடையிகளும் உண்டு. நமது ஆய்வுகூட அலுமாரியில் பூட்டிக் கிடக்கும் நகரும் நுணுக்குக்காட்டி தொடாமலே அவற்றை அளக்கும். அது இல்லாவிட்டால் ஸ்கேனர். அங்குலத்துக்கு 1200 புள்ளி வைத்தால் ஒரு புள்ளி ஏறத்தாழ 0.02 மி.மீ. பக்கத்தில் உருக்கு அளவுகோல் ஒன்றையும் வைத்துச் சரிபார்க்கலாம். அளந்ததை மில்லிமீற்றரில் எழுதியே பொருளைக் கேட்க வேண்டும். 0603 என்ற குறியீடு அங்குல முறையில் 1.6 × 0.8 மி.மீ.; மெற்றிக் முறையில் 0.6 × 0.3 மி.மீ. குறியீட்டை மட்டும் சொல்லி வாங்கினால் வேறு பொருள் வந்து நிற்கும்.

ஆகவே நாம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பழைய மாணவர் சங்கங்களும் பாடசாலை அபிவிருத்திக் குழுக்களும் அடுத்த கௌரவிப்பு விழாவின் பதாகைச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, இரண்டு பிள்ளைக்கு ஒரு இடுக்கிமானி கிடைக்க வழி செய்யட்டும். திருத்தும் கடை வைத்திருக்கும் தம்பிமார் எறியப் போகும் பழைய பலகைகளைப் பாடசாலைக்குத் தரட்டும். முடிந்தால் ஒரு பாடவேளை வந்து அளந்து காட்டட்டும். ஆசிரியர்களாகிய நாம் அலுமாரித் திறப்பை வெளியே எடுப்போம். கருவி தேய்ந்தால் தேயட்டும்.

அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்யக்கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்க்கிற சமூகம் நாம். சரியாக அளப்பது எப்படி என்பதையும் சேர்த்துக் கையில் கொடுப்போம்.