விதை, விலை, கொள்முதல்: சி. சுப்பிரமணியம்

கேள்வி: விளைபொருளுக்கு அரசு விலை அறிவிப்பதும், அரசே கொள்முதல் செய்வதும் எப்போது வந்தன? பசுமைப் புரட்சிக்கு வழி செய்த அமைச்சர் பொள்ளாச்சிக்காரர் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், ஆனைமலை வட்டாரம்

பதில்: உண்மைதான். சி. சுப்பிரமணியம் 1910-ல் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்தவர்; விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1952 முதல் 1962 வரை ராஜாஜி, காமராஜர் இருவரின் அமைச்சரவையிலும் இருந்து நிதி, கல்வித் துறைகளைக் கவனித்தார். பிறகு டெல்லி சென்று மத்திய அமைச்சரானார்.

1964-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அவரிடம் உணவு, வேளாண்மைத் துறையை ஒப்படைத்தார். அது யாரும் விரும்பி ஏற்கும் துறையாக அப்போது இல்லை. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து ரேஷன் கடைகள் நடந்த காலம் அது. அடுத்து மழையும் பொய்த்தது. 1964-65-ல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல், 1965-66-ல் சுமார் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது.

விவசாயிக்குக் கட்டுப்படியான விலை கிடைத்தால்தான் அவர் உரத்துக்கும் விதைக்கும் துணிந்து செலவு செய்வார் என்பது சுப்பிரமணியத்தின் கணக்கு. அதனால் மூன்று வேலைகளைச் சேர்த்தே தொடங்கினார்.

முதலாவது விலை. எந்த விலை கொடுக்கலாம் என்று அரசுக்குப் பரிந்துரை செய்ய 1965 ஜனவரியில் வேளாண் விலை ஆணையம் அமைந்தது. இரண்டாவது கொள்முதல். அதே மாதம் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்ட இடம் தஞ்சாவூர். மூன்றாவது விதை. நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமை விதை 18,000 டன், 1966-ல் மெக்சிகோவிலிருந்து இறக்குமதி ஆனது.

இதற்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. அந்நியச் செலாவணி வீணாகும், விலையை உயர்த்தினால் நகர மக்கள் தவிப்பார்கள் என்றெல்லாம் சொன்னார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகளின் துணையோடு, விவசாயிகளின் வயல்களிலேயே செயல் விளக்கத் திடல்கள் போடப்பட்டன. அமைச்சர் தம் டெல்லி வீட்டுப் புல்வெளியை உழுது, அதிலும் புதிய கோதுமையை விதைத்தார்.

பலன் வருவதற்குள் தேர்தல் வந்துவிட்டது. 1967-ல் தமிழகத்தில் காங்கிரஸ் தோற்றது, சுப்பிரமணியமும் தோற்றார். அதற்கு அடுத்த ஆண்டு 1968-ல் கோதுமை சுமார் 1.65 கோடி டன் விளைந்தது. அதற்கு முந்தைய உச்சம் சுமார் 1.2 கோடி டன்தான். மூட்டைகளை அடுக்கக் கிடங்கு போதாமல் வடக்கே பள்ளிக்கூடங்களைக்கூடப் பயன்படுத்தினார்கள். விதைத்தவர் அப்போது பதவியில் இல்லை. பின்னாளில் மத்திய நிதியமைச்சராகவும் மகாராஷ்டிர ஆளுநராகவும் இருந்தார். 1998-ல் பாரத ரத்னா பெற்றார், 2000-ல் காலமானார்.

குறையும் உண்டு. புதிய ரகங்களுக்குத் தண்ணீரும் உரமும் கூடுதலாகத் தேவைப்பட்டன. முதலில் பயன் பெற்றவர்கள் பாசன வசதி உள்ளவர்களே. மானாவாரி விவசாயி பின்தங்கினார். பஞ்சாபில் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறது. ரகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மண்ணை மறந்ததால் வந்த வினை இது.

இன்றைக்கும் புதிய ரகம் எது வந்தாலும் அந்த மூன்றையும் கேளுங்கள்: விதை சான்று பெற்றதா? என்ன விலை கிடைக்கும்? வாங்குவது யார்? பதில் திருப்தியாக இருந்தால், மண் பரிசோதனை செய்து, முதல் பருவத்தில் கால் ஏக்கரில் மட்டும் போட்டுப் பாருங்கள். விளைச்சலையும் செலவையும் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த பருவத்தில் பரப்பைக் கூட்டலாம்.