மின்சார வண்டிக்குப் பெட்ரோல் துணை

2018 நவம்பரில் கஜா புயல் அடித்துச் சென்ற பிறகு, வேதாரணியத்திலும் பட்டுக்கோட்டையைச் சுற்றிய கிராமங்களிலும் மின்கம்பங்கள் வயல்களில் சாய்ந்து கிடக்க, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் ஜனங்கள் தவித்த காலத்தில், வாடகை ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்தவர்கள் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றித் தந்தார்கள். கைப்பேசிக்குச் சார்ஜ் போட்டுத் தந்தார்கள். அன்று சார்ஜுக்குக் காத்திருந்தவர்களின் வரிசையில் மின்சார வண்டி எதுவும் வந்து நிற்கவில்லை. ஆனால் ஒசூரிலும் கிருஷ்ணகிரிக்கு அருகிலும் ஆலைகள் எழும்பி, மின்சார ஸ்கூட்டர்களைச் செய்து தேசமெங்கும் அனுப்பிக்கொண்டிருக்கும் இக்காலத்தில், அடுத்த பெரும்புயலின்போது அவையும் வந்து நிற்கத்தான் போகின்றன. ஆகையால், வண்டியோடு கையடக்கமான ஒரு ஜெனரேட்டரையும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று விசாரிப்பவர்களைக் கண்டு சிலர் பரிகசிப்பதுபோல நான் பரிகசிக்க மாட்டேன். வாங்கலாம். எதற்காக வாங்குகிறோம் என்ற தெளிவு மட்டும் முன்னதாகவே வேண்டும்.

தினசரி உபயோகத்திற்கென்று ஒருவர் இதை வாங்குவாரானால், அவர் லாபத்தை நஷ்டமாக மாற்றும் வித்தையையே பயில்கிறார் என்று சொல்ல வேண்டும். சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒரு லிட்டரைக் குடித்துவிட்டு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் மின்சாரம் தருகிறது. அந்த லிட்டரில் அடங்கிய சக்தியோ சுமார் 9 யூனிட். மற்றதெல்லாம் உஷ்ணமாகவும் ஓசையாகவும் போய்விடுகிறது. சுமார் 3.7 யூனிட் கொள்ளும் ஸ்கூட்டர் பேட்டரியை அடியிலிருந்து நிரப்ப, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 4 யூனிட்டுக்கு மேல் வேண்டும். அதற்குப் பெட்ரோல் கிட்டத்தட்ட 3 லிட்டர் செலவாகும். கிடைப்பது சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டம். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுக்கும் சாதாரண 100 சி.சி. பைக்கை விற்றுவிட்டுப் புகையில்லாத வாகனம் வாங்கியவர், அதே பெட்ரோலை வேறு வழியில் எரித்து லிட்டருக்கு 35 கிலோமீட்டர் ஓடுவது எந்தச் சிக்கனம்? பெங்களூர் அல்ட்ராவயலெட் நிறுவனத்தின் எஃப்77 போல 10 யூனிட்டுக்கு மேல் கொள்ளும் பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் விகாரமாகிவிடும். ஆகவே இது ஆபத்துக் காலத்துக்கு மட்டும் உரிய வஸ்து. அந்தக் காலத்திலும், வண்டியை முழுவதும் நிரப்பும் ஆசையை விட்டு, ஆஸ்பத்திரிக்கும் கடைத்தெருவுக்கும் போய் வரப் போதுமான அளவு நிரப்பினால், ஒரு லிட்டரிலேயே காரியம் முடிந்துவிடும்.

உத்தேசம் இதுவென்று ஆன பிறகு, அளவை நிர்ணயிப்பது சுலபம். பெரிய ஜெனரேட்டர் வாங்கினால் வண்டி சீக்கிரம் நிரம்பும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கடைக்காரர்களும் அதைக் கலைப்பதில்லை. வண்டியோடு வரும் சார்ஜர் 750 வாட் வாங்குவதானால், 5 கிலோவாட் யந்திரத்தில் மாட்டினாலும் 750 வாட்தான் வாங்கும். மிச்சமுள்ள பலத்துக்காகவும் யந்திரம் பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கும். மிகச் சிறியதை வாங்குவதும் தவறே. பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் இருப்பது சில நிமிஷங்களே தாங்கக்கூடிய உச்ச அளவு. மணிக்கணக்கில் தொடர்ந்து தரக்கூடிய அளவு வேறு. ஹோண்டாவின் இ.யு.22ஐ என்ற மாதிரியில் உச்சம் 2.2 கே.வி.ஏ. (கிலோவோல்ட்-ஆம்பியர்), தொடர்ந்து தருவது 1.8. ஸ்கூட்டர் சார்ஜர் ஐந்தாறு மணி நேரம் விடாமல் இழுக்கும் சுபாவமுடையதாதலால், இரண்டாவது எண்ணே நமக்குக் கணக்கு. அதோடு, வாட் என்பதும் வோல்ட்-ஆம்பியர் என்பதும் ஒன்றல்ல. பவர் ஃபேக்டர் (வோல்ட்-ஆம்பியருக்கு வாட்டின் விகிதம்) 0.7 உள்ள மலிவான சார்ஜர் 750 வாட் வேலைக்கு 1,000 வோல்ட்-ஆம்பியருக்கு மேலேயே கேட்கும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒற்றை ஸ்கூட்டருக்குத் தொடர்ந்து ஒன்றரை கே.வி.ஏ. தரும் யந்திரம் தாராளமாகப் போதும்.

மின்சாரத்தின் அளவைப்போலவே அதன் குணமும் முக்கியம். அந்நாளில் ஜவுளிக்கடை வாசல்களில் கடகடத்துக்கொண்டிருந்த பிர்லா யமஹா முதலிய ஜெனரேட்டர்கள் பல்பையும் மின்விசிறியையும் ஓட்டப் போதுமானவை. என்ஜினின் வேகம் ஏறி இறங்கும்போதெல்லாம் அவற்றின் மின்சாரமும் தள்ளாடும். நுட்பமான சார்ஜருக்கு அந்தத் தள்ளாட்டம் ஆகாது. முதலில் நேர் மின்னோட்டமாக்கி, பிறகு மின்னணுச் சுற்றால் சீரான மாறு மின்னோட்டமாக்கித் தரும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரே இங்கு ஏற்றது. விலை அதிகந்தான், ஆனால் ஓசையும் எரிபொருள் செலவும் குறைவு. வீட்டிலிருக்கும் பேட்டரி இன்வெர்ட்டரிலேயே வண்டியை மாட்டிவிடலாமே என்று யோசிப்பவருக்கு ஒரு வார்த்தை: 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஏட்டுக் கணக்குப்படியே 1.8 யூனிட்தான் உண்டு. அதை வழித்தெடுத்தாலும் ஸ்கூட்டர் பாதிகூட நிரம்பாது, வீடும் இருண்டுவிடும்.

எல்லாம் சரியாக வாங்கி வந்து, மழை இரவில் ஸ்டார்ட் செய்து, சார்ஜரை மாட்டிய பிறகு சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏற மறுத்தால், பெரும்பாலும் எர்த் விஷயந்தான் காரணமாக இருக்கும். கையடக்க ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இணைப்பு கிடையாது. எர்த் சரியாக இருக்கிறதா என்று பரிசோதித்த பின்னரே வேலை தொடங்கும் சார்ஜர், இதைப் பழுதென்றே எண்ணிக்கொள்ளும். நிவர்த்தி உண்டு, ஆனால் அது தேர்ந்த எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் சொருகி அதன் வழியாக வண்டிக்குக் கொடுக்கும் சாமர்த்தியத்தை யாரும் காட்ட வேண்டாம். அந்த மின்சாரம் வெளிக்கம்பிக்கும் பாயக்கூடுமாதலால், கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் மின்வாரிய ஊழியரின் உயிர் அதில் அடங்கியிருக்கிறது. அதைப் போன்றதே புகையின் அபாயமும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ நாற்றமோ இல்லை. மழைக்குப் பயந்து மூடிய ஷெட்டிலோ மாடிப்படியின் கீழோ ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு உறங்கினவர்கள் விழிக்காமலே போனதுண்டு. திறந்த வெளியில், ஜன்னல்களிலிருந்து இருபதடியாவது தள்ளி, யந்திரம் நனையாதபடி ஒரு மறைப்பின் கீழ் வைக்க வேண்டும்.

இந்த விவரங்களையெல்லாம் வாங்குபவர் தாமாகத் தேடி அலைய வேண்டியிருப்பது நியாயமல்ல என்பதே என் முக்கியமான மனக்குறை. ஒரு மாநிலத்தின் கடற்கரை முழுவதும் புயல் பாதையில் இருப்பதை அறிந்தே அங்கு வண்டி விற்கும் கம்பெனிகள், தங்கள் சார்ஜர் எவ்வளவு வோல்ட்-ஆம்பியர் இழுக்கும், எந்த வகை ஜெனரேட்டரை ஏற்கும், எர்த் இல்லாவிட்டால் என்ன செய்யும் என்ற மூன்று சங்கதிகளையும் கையேட்டில் ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். ஜெனரேட்டரில் சார்ஜ் செய்தால் வாரண்டி நிலைக்குமா என்பதையும் மழுப்பாமல் எழுதட்டும்.

வாங்குவோருக்கும் ஒரு யோசனை. வருஷத்தில் இரண்டு மூன்று நாள் உபயோகத்துக்காக வீட்டுக்கு வீடு ஒரு யந்திரம் வாங்குவதைவிட, தெருவிலோ அடுக்குமாடியிலோ உள்ள நாலைந்து வண்டிக்காரர்கள் கூட்டாக ஒன்று வாங்கி, முறைவைத்து ஆளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் உபயோகிப்பது உசிதம். சண்டை வராதா என்று கேட்கலாம். தண்ணீர் மோட்டாரையே கூட்டாக வைத்து நடத்துகிற நமக்கு இது பெரிய காரியமல்ல. ஆனால் பராமரிப்பை யாராவது ஒருவர் தலையில் கட்டியே ஆக வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. மாதக்கணக்கில் டாங்கில் கிடந்தால் கார்புரேட்டரில் பிசினாகப் படிந்து, வேண்டிய நாளில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் என்ஜின் பிடிக்காது. ஆகவே உபயோகம் முடிந்ததும் டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவம் தொடங்கும் ஐப்பசிக்கு முன்னரே, ஆயிலை மாற்றி, புதுப் பெட்ரோல் ஊற்றி, வண்டிகளில் ஒன்றை மாட்டி அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.