அந்த ஏழு வரிகள் காலியாகவே இருக்கட்டும்!



டூர் டி பிரான்ஸ் என்ற சைக்கிள் பந்தயத்தைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். பிரான்ஸில் மூன்று வாரம், நாளுக்கு ஒரு கட்டமாக, 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டணும். அதில் ஜெயித்தவர்கள் பட்டியலைப் பார்த்தபோது 1999 முதல் 2005 வரை ஏழு வருடத்துக்குப் பெயரே இல்லை. உலகப் போர் நடந்த வருஷங்களில் பந்தயமே நடக்கலை, அது சரி. ஆனா இந்த ஏழு வருஷமும் பந்தயம் நடந்திருக்கு, லட்சக்கணக்கான பேர் ரோட்டோரம் நின்னு கை தட்டியிருக்காங்க. ஜெயிச்சவர் மட்டும் இல்லை! முதலில் அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

இப்படிக் காலியாக விட்டது சரிதான் என்பது என் கருத்து. என் வகுப்பில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கொஞ்சம் பழைய கதை. 'லோட்டோ' என்ற விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காக 1903இல் ஆரம்பித்த பந்தயம் இது. பத்திரிகை ஆசிரியர் ஆன்ரி டெக்ராஞ்ச். முதல் வருஷம் 60 பேர் கிளம்பி 21 பேர்தான் முடித்தார்கள். ஜெயித்தவர் மோரிஸ் காரான். அடுத்த வருஷமே ஏமாற்று வேலை! ரயிலில் ஏறிப் போனார்கள் என்றுகூடப் புகார். 1904இல் முதல் நான்கு இடம் பிடித்தவர்களையும் (காரானும் அதில் ஒருவர்) நீக்கிவிட்டு, ஐந்தாவதாக வந்த ஆன்ரி கோர்னேவுக்குப் பட்டத்தைக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயசு 19. நம்ம பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்களைவிட ஒன்றிரண்டு வயசுதான் கூட.

"அப்போ இப்பவும் அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டியதுதானே?" என்பதுதான் நண்பர்களின் கேள்வி.

அதற்கு முன் 1913இல் நடந்ததைக் கேளுங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். எஜேன் கிறிஸ்டோப் என்ற வீரர் பிரனீஸ் மலையில் தூர்மாலே கணவாயிலிருந்து இறங்கி வரும்போது சைக்கிளின் முன் போர்க் உடைஞ்சிடுச்சு. வண்டி கெட்டால் வீரரே சரி செய்யணும், யார் உதவியும் வாங்கக் கூடாது என்பது அன்றைய விதி. மனுஷன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரக் கிராமமான சாந்த் மரி த காம்பான் வரை நடந்தே வந்தார். அங்கே ஒரு கொல்லன் பட்டறை. இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து, தானே ஒட்டவைத்தார். கையிரண்டும் வேலையில் இருந்ததால் ஒரு சின்னப் பையன் துருத்தி ஊதிக் கொடுத்தான். பக்கத்தில் நின்று பார்த்த பந்தய அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார். அதற்கு 10 நிமிஷம் தண்டனை, பிறகு 3 நிமிஷமாகக் குறைத்தார்கள். மணிக்கணக்கில் நேரம் போன மனுஷனுக்கு அந்த மூணு நிமிஷம் எதுக்கு, சொல்லுங்க? 1919இல் மஞ்சள் சட்டையை முதன்முதலாகப் போட்டவரும் இவர்தான். அந்த வருஷமும் முடிய இரண்டு கட்டம் இருக்கும்போது போர்க் உடைஞ்சது. கடைசி வரை டூரை ஜெயிக்கவே இல்லை.

சின்னப் பையன் துருத்தி ஊதியதைக் கண்டுபிடித்த அதே பந்தயத்தில்தான் அமெரிக்காவின் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை வரிசையாக ஏழு முறை 'ஜெயித்தார்'. புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர் என்பதால் உலகமே அவரைக் கொண்டாடியது. ஆனால் ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும் ஈ.பி.ஓ. போன்ற தடை செய்யப்பட்ட மருந்துகளைப் பயன்படுத்தியது வெளியே வந்து, 2012 அக்டோபரில் ஏழு பட்டங்களும் பறிபோயின. 2013 ஜனவரியில் டி.வி.யில் அவரே ஒப்புக்கொண்டார்.

சரி, இரண்டாம் இடம் யார்? 1999இல் அலெக்ஸ் சூலே. ஈ.பி.ஓ. போட்டதாக 1998லேயே ஒப்புக்கொண்டவர். 2000, 2001, 2003 மூன்றிலும் யான் உல்ரிக். ஊக்கமருந்து வழக்கில் 2012இல் அவருக்குத் தடை. 2005இல் இவான் பாஸோ. அவருக்கும் 2007இல் இரண்டு வருஷத் தடை. இவங்கள்ல யாரைக் கூப்பிட்டு மாலை போடுறது? கீழே போகப் போக யார் சுத்தம்னு யாருக்குத் தெரியும்? தெரியாத இடத்தில் ஒரு பெயரை எழுதுவது இன்னொரு பொய். அதனால் காலியாக விட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நண்பர்கள் என்னை மடக்கிட்டாங்க. 1996இல் ஜெயித்த பியார்னே ரீஸ், தானும் ஈ.பி.ஓ. எடுத்ததாக 2007இல் சொன்னார். அவர் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கு. இது எனக்கும் நியாயமாகப் படவில்லை. அந்த வரியையும் அழித்திருக்க வேண்டும்.

இவ்வளவு பேசுகிற நான் ஒன்றை மறைக்கக் கூடாது. போன விளையாட்டு விழாவில் ஸ்லோ சைக்கிள் ரேஸில் என் இடது கால் ஒரு தடவை தரையில் பட்டது. யாரும் பார்க்கவில்லை. எவர்சில்வர் தட்டு எனக்கே கிடைத்தது. அம்மா அதில்தான் எனக்கு இட்லி வைக்கிறாங்க. இந்தப் பட்டியலைப் படித்த நாளிலிருந்து இட்லி இறங்கவில்லை. இரண்டாவதாக வந்தவன் என் பக்கத்துக் கோட்டில்தான் ஓட்டினான், கடைசி வரை காலை ஊன்றவில்லை, அது எனக்கு நல்லாத் தெரியும். இங்கே காலியாக விட வேண்டிய அவசியமே இல்லை. தட்டை வெள்ளிக்கிழமை பி.டி. சாரிடம் கொடுத்துவிட்டேன்.

சார்ட் பேப்பரில் இடம் முடியப் போகிறது. மறுப்பு எழுத விரும்புகிறவர்கள் அடுத்த இதழுக்குள் தமிழ் ஐயாவிடம் கொடுங்கள். ரீஸ் பெயர் ஏன் இருக்கணும் என்று யாராவது சொன்னால் முதல் ஆளாக நான் வந்து படிப்பேன்.

– பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்