இனாமாகக் கிடைத்த சர்வர்!

"சர்வர்!"

இந்தப் பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டில் ஓட்டல்தான் ஞாபகத்துக்கு வரும். தோளில் துண்டு, ஒரு கையில் நாலு டம்ளர் காப்பி, மறு கையில் தோசைத் தட்டு. கேட்டதைக் கொண்டுவந்து வைப்பார். அவசரக்காரருக்கும் வைப்பார். ஆற அமரச் சாப்பிடுகிறவருக்கும் வைப்பார்.

கம்ப்யூட்டர் உலகத்திலும் ஒரு சர்வர் உண்டு. அதற்கும் இதே வேலைதான்!

பரீட்சை முடிவைப் பார்க்க மகன் செல்போனைத் தட்டுகிறான். ரெயில் டிக்கெட் எடுக்கத் தகப்பனார் தட்டுகிறார். தட்டியதும் பக்கம் வந்து நிற்கிறது. அது காற்றில் முளைத்து வரவில்லை. எங்கோ ஓர் ஊரில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் இருந்து வருகிறது. "இந்தப் பக்கம் வேண்டும்" என்று கேட்டால் தேடி எடுத்து அனுப்புவதற்கு, அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் இருக்கிறது. அதற்குப் பெயர்தான் "வெப் சர்வர்".

வெப் சர்வர்களில் பெரும் புகழ் பெற்றது "அபாச்சி". அதற்கு விலை கிடையாது! யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதில் ரகசியமும் கிடையாது. உள்ளே எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியையும் படிக்கலாம்; திருத்தலாம்; பிறருக்கும் கொடுக்கலாம்.

சரி, இனாமாகக் கிடைத்துவிட்டது. வாங்கிக்கொண்டவருக்குக் கடமை ஏதாவது உண்டா?

உண்டு! அந்தக் கடமையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதுதான் கவலை.

ஒட்டுப் போட்ட சட்டை

அமெரிக்காவில் இல்லினாய் சர்வகலாசாலை இருக்கிறது. அங்கே ராப் மெக்கூல் என்ற மாணவர், 1993-ம் ஆண்டில் ஒரு வெப் சர்வரை எழுதினார். பல ஊர்களிலும் அதை எடுத்து உபயோகித்தார்கள். 1994-ம் ஆண்டில் மெக்கூல் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டார்.

சர்வர் அனாதையாகி விட்டது!

அதை நம்பியிருந்தவர்கள் என்ன செய்வார்கள்? சட்டை கிழிந்தால் ஒட்டுப் போடுவது போல, பழுது கண்ட இடத்தில் அவரவரே ஒட்டுப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் போட்ட ஒட்டு மற்றவருக்குத் தெரியாது. ஒரே கிழிசலை நாலு பேர் நாலு விதமாகத் தைத்தார்கள்.

1995-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். கம்ப்யூட்டர் வழியாகக் கடிதம் எழுதிக்கொண்டே வேலை செய்தார்கள். எல்லாருடைய ஒட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஏப்ரல் மாதம் அபாச்சி வெளிவந்தது. ஓர் ஆண்டுக்குள், உலகத்திலேயே அதிகமாக ஓடும் வெப் சர்வர் என்று பெயர் எடுத்துவிட்டது! 2009-ம் ஆண்டில், 10 கோடி இணையத் தளங்களுக்குப் பரிமாறிய முதல் சர்வர் என்ற பெருமையும் அதற்குக் கிடைத்தது.

பிறகு போட்டிக்குப் பலர் வந்தார்கள். முதல் இடம் கைமாறியது. ஆனாலும் அபாச்சியின் வேலை நிற்கவில்லை.

மேஜைக்கு ஒரு சர்வரா?

2012-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், 2.4 என்ற பெரிய பதிப்பு வந்தது. அதற்கு முந்திய பெரிய பதிப்பு வந்தது 2005-ம் ஆண்டு டிசம்பரில். இடையில் ஆறு ஆண்டு! அத்தனை காலம் உழைத்து என்ன செய்தார்கள்?

ஓட்டலுக்கே போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

அபாச்சியின் பழைய ஏற்பாட்டில் மேஜைக்கு ஒரு சர்வர். ஒருவர் வந்து உட்கார்ந்தால், அவர் எழுந்து போகும் வரை அந்தச் சர்வர் அவருக்கே சொந்தம். வந்தவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "இன்னும் ஏதாவது கேட்கலாமா?" என்று யோசித்துக்கொண்டிருப்பார். சர்வரும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். வாசலில் கூட்டம் காத்துக் கிடக்கும்!

கூட்டம் பெருகினால் சர்வர்களைப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு சர்வருக்கும் கம்ப்யூட்டரின் ஞாபகசக்தியில் கொஞ்சம் இடம் வேண்டும். இடம் தீர்ந்தால் கம்ப்யூட்டர் திணறும்.

"ஒரே கம்ப்யூட்டர், ஒரே சமயத்தில் பத்தாயிரம் பேருக்குப் பரிமாற முடியாதா?" என்று 1999-ம் ஆண்டில் டான் கெகல் என்ற இஞ்சினீயர் கேட்டார். ரஷியாவில் இகோர் சிசோயெவ் என்பவர் அந்த வேலையில் இறங்கினார். 2004-ம் ஆண்டில் "எஞ்ஜின் எக்ஸ்" என்ற புது வெப் சர்வரை வெளியிட்டார். அதில் சர்வர் யார் பக்கத்திலும் சும்மா நிற்பதில்லை. கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார்.

அபாச்சிக்காரர்களும் இப்படி ஒரு முறையை, 2005-ம் ஆண்டுப் பதிப்பில் சோதனையாக வைத்திருந்தார்கள். 2012-ம் ஆண்டில், "இனி இதை நம்பி ஓட்டலாம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மேஜைகளை எல்லாம் ஒரே ஒருவர் பார்த்துக்கொள்வார். யாராவது கை தூக்கினால், ஓய்வாக இருக்கும் சர்வரை அந்த மேஜைக்கு அனுப்புவார். யாரும் வீணாக நிற்க வேண்டியதில்லை.

பழைய முறைதான் பிடிக்கும் என்கிறவர் அதையே வைத்துக்கொள்ளலாம். எந்த முறை வேண்டும் என்று, கடை திறக்கும்போது சொன்னால் போதும்.

இன்னொரு வசதியும் வந்தது. ஒருவருக்கு எவ்வளவு வேகத்தில் ஊற்றுவது என்று அளவு வைக்கலாம். ஒரே ஆள் அண்டாவைக் காலி செய்துவிட்டுப் போக முடியாது!

இவை எல்லாம் ஆடம்பரம் அல்ல, சிக்கனம். இருக்கிற கம்ப்யூட்டரை வைத்து அதிகம் பேருக்குப் பரிமாறும் வித்தை. புது எந்திரம் வாங்கப் பணம் இல்லாத பள்ளிக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் இதைவிடப் பெரிய உதவி வேறு என்ன?

பூட்டிலும் மாற்றம்

2.4 பதிப்பில் பூட்டும் மாறியது.

யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று சர்வருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய முறையில் இது ஒரு தலைவலி. "தடுப்பது முதலில், அனுமதிப்பது பின்னால்" என்று எழுதினால் ஒரு பொருள். இரண்டையும் இடம் மாற்றிவிட்டால் வேறு பொருள்! பழகியவர்களே தடுமாறினார்கள். உள்ளே விடக்கூடாதவரை விட்டுவிட்டு, வரவேண்டியவரை வாசலில் நிறுத்திவிடுவதும் உண்டு.

புதுப் பதிப்பில் அதை நேராக எழுதலாம். "எல்லாருக்கும் தடை." "எல்லாருக்கும் அனுமதி." "இன்னாருக்கு மட்டும் அனுமதி." படித்ததும் புரிகிறது!

ஆனால், பழைய பதிப்பில் இருந்து மாறியவர்கள் தங்கள் பூட்டு விதிகளைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. எழுதாமல் மாறிய சில இடங்களில், சொந்தக்காரருக்கே "உள்ளே வர அனுமதி இல்லை" என்று பதில் வந்தது! பழைய சொற்களைப் புரிந்துகொள்ளத் துணைக் கருவி ஒன்றும் கூடவே கொடுத்திருந்தார்கள். அப்படியும் முணுமுணுப்பு எழுந்தது.

"ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்க வேண்டும்?"

"பழையது நன்றாகத்தானே ஓடுகிறது? ஓடுகிற வண்டியை யாராவது பிரிப்பார்களா?"

அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சர்வர் வண்டி அல்ல, வீடு! வண்டி பழுதானால் நின்றுவிடும். உடனே தெரியும். வீட்டுக் கதவில் ஓட்டை விழுந்தால் வீடு நிற்பதில்லை. திருடன் வந்து போன பிறகுதான் தெரியும்.

2.2 பதிப்பைக் கவனிக்கும் வேலையை, 2017-ம் ஆண்டோடு அபாச்சிக்காரர்கள் நிறுத்திக்கொண்டார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அதில் ஓட்டை தெரிந்தாலும் அவர்கள் அடைக்க மாட்டார்கள்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அபாச்சியில் ஒளிவு மறைவு கிடையாது அல்லவா? புதுப் பதிப்பில் எந்த ஓட்டையை அடைத்தோம் என்று ஊரறிய எழுதி வைக்கிறார்கள். நல்லவர்கள் அதைப் படித்துத் திருத்திக்கொள்கிறார்கள். திருடனும் அதைப் படிக்கிறான்! "இன்னும் திருத்தாத வீடு எது?" என்று தேடிக்கொண்டு புறப்படுகிறான்.

புதுசிலும் வரும் பழுது

"புதிய பதிப்பிலேயே ஓட்டை இருந்தால்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதுவும் நடந்தது!

2021-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 2.4.49 என்ற பதிப்பு வந்தது. அதில் செய்த ஒரு மாற்றத்தால், காட்டக்கூடாத அறைக்குள்ளும் வெளியாள் எட்டிப் பார்க்க வழி ஏற்பட்டுவிட்டது. முந்திய பதிப்பில் இந்த ஓட்டை கிடையாது. செப்டம்பர் 29-ந் தேதி தகவல் கிடைத்தது. அக்டோபர் 4-ந் தேதி திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். அந்தத் திருத்தமும் போதவில்லை! மறுபடி உட்கார்ந்தார்கள். அக்டோபர் 7-ந் தேதி அடுத்த திருத்தம் வந்தது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது.

ஒன்று: எட்டே நாளில் ஓட்டை அடைபட்டது. கவனிக்க ஆள் இருந்ததால் அடைபட்டது. கைவிடப்பட்ட பதிப்புக்கு எட்டு நாளும் இல்லை. எட்டு ஆண்டும் இல்லை.

இரண்டு: "எல்லாருக்கும் தடை" என்று உள் அறைகளைப் பூட்டி வைத்தவர்கள் வீட்டில் இந்த எட்டிப் பார்க்கும் வேலை பலிக்கவில்லை. அபாச்சியை எடுக்கும்போதே அந்தப் பூட்டு வரியும் எழுதித்தான் வருகிறது. அதை அழித்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். தெரு வாசல் தாழ்ப்பாள் கழன்றாலும், பெட்டியறைப் பூட்டு காப்பாற்றும். அம்மாமார்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை!

உழைப்பு யாருடையது?

இனாம் என்று சொல்லும்போது மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. வாங்குகிறவருக்குத்தான் இனாம். செய்கிறவருக்கு அது ராத்தூக்கம்!

வெப் சர்வர்கள் அனுப்பும் கடிதங்களை, வழியில் யாரும் பிரித்துப் படிக்காமல் பூட்டி அனுப்புவதற்கு "ஓப்பன் எஸ்.எஸ்.எல்." என்ற இனாம் புரோகிராம் இருக்கிறது. 2014-ம் ஆண்டு ஏப்ரலில் அதில் ஒரு பயங்கர ஓட்டை தெரியவந்தது. இரண்டு ஆண்டாக அது யார் கண்ணிலும் படாமல் இருந்தது! உலகமே பதறியது. பெரிய பெரிய கம்பெனிகள் நம்பியிருந்த பூட்டு அது. அதைப் பராமரித்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களுக்கு ஆண்டுக்குக் கிடைத்து வந்த நன்கொடையோ சுமார் 2,000 டாலர்!

கம்பெனிகளுக்கு அப்புறம்தான் கண் திறந்தது. கூடிப் பணம் போட்டார்கள். வீடு பற்றிக்கொண்ட பிறகு கிணறு வெட்டிய கதை!

பணக்காரக் கம்பெனிகளும் அரசாங்கங்களும் இப்படிப்பட்ட இனாம் புரோகிராம்களால் எவ்வளவோ மிச்சம் பிடிக்கின்றன. மிச்சத்தில் ஒரு பங்கை, அதைச் செய்கிறவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது தர்மம் அல்ல, கடன். பணம் இல்லாவிட்டால் ஆள் கொடுக்கலாம். ஆளும் இல்லாவிட்டால், கண்ட பழுதையாவது எழுதி அனுப்பலாம். அபாச்சி பிறந்ததே அப்படித்தானே?

கேட்க வேண்டிய கேள்வி

சாதாரணக் குடும்பத்துக்கு இதில் என்ன வேலை?

நிறைய இருக்கிறது! பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் தாயாரின் நோய் விவரம் இருக்கிறது. பாங்கியில் தகப்பனாரின் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. அவற்றை எல்லாம் இணையத்தில் வைத்தால், வாசலில் நிற்பது ஒரு வெப் சர்வர்தான். அந்தச் சர்வர் கவனிப்பார் இல்லாத பழைய பதிப்பாக இருந்தால், நஷ்டம் அதை நடத்துகிறவருக்கு மட்டும் அல்ல.

"எங்கள் விவரங்களை வைத்திருக்கும் சர்வரைக் கடைசியாக எப்போது திருத்தினீர்கள்?" என்று ஒரு பெற்றோர் கேட்டால் தப்பே இல்லை. பதில் சொல்ல முடியாத நிர்வாகம் வெட்கப்பட வேண்டும்.

தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சரிதான். ஆனால் அந்த மாட்டுக்குப் புல்லும் தண்ணீரும் காட்ட வேண்டாம் என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை!